சிறார் சுகாதாரக் கல்வியும் திறந்தவெளிக் கூட்டுச் செயற்பாடும்: வாகரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

சுகாதாரம் என்பது எமது பாடநூல்களிலே பெரும்பாலும் தனியொருவரின் உடலோடு தொடங்கி அவ்வுடலோடே முடிந்துவிடுவதாகும். பல் துலக்குதல், நகம் வெட்டுதல், கொதித்தாறிய நீரைப் பருகுதல் ஆகியவற்றைச் செய்யும் பிள்ளை நல்ல பிள்ளை. செய்யாத பிள்ளை அறியாமையிற் கிடக்கும் பிள்ளை. அப்பிள்ளையின் வீட்டிலே விறகு உண்டா, கிணற்றிலே உவர்நீரா நன்னீரா, நகம் வெட்ட வேண்டிய தாய் எவருடைய வயலிலே நாற்றுநடுகிறாள் என்பன பாடத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன. இந்நிலையிலே, பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே ஒன்றுகூடி ஆடியும் பாடியும் உழைத்தும் தமது ஆரோக்கியத்தைத் தாமே பேணக் கற்றுக்கொள்ளும் முறைகள் எமது சமூகத்திலே எவ்வாறு தோன்றின, எவரால் எந்நோக்கத்திற்காகக் கையாளப்பட்டன என்பதை வரலாற்றடிப்படையில் நோக்குவது பயனுடைத்து. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை, குறிப்பாக அதன் வட எல்லையில் அமைந்த வாகரையை, நாம் ஆய்வுக்களமாகக் கொள்கிறோம்.

வாகரை, கோறளைப்பற்று வடக்கு என நிருவாகத்தில் வழங்கும் பகுதியின் மையமாகும். மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீற்றர் வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பாற்றுக் களப்பும் சூழ்ந்த மணற்றிடலிலே இது அமைந்துள்ளது. தெற்கே பனிச்சங்கேணி, வடக்கே கதிரவெளி, அதற்கப்பால் மகாவலியின் கிளையாகிய வெருகலாறு. மீன்பிடி, சேனைப்பயிர், காட்டுப்பொருள் சேகரிப்பு ஆகியனவே மக்களின் சீவனோபாயம். தமிழையே பேசும் கரையோர வேடர் குடியிருப்புக்கள் இங்குள்ளன. 1911இலே செலிக்மன் தம்பதியர் வேடர் பற்றி எழுதிய நூலில் இக்கரையோரத்தார் தனியே குறிக்கப்பட்டுள்ளனர். ஆற்றுவெள்ளமும் கடலும் மாரிதோறும் வழியை மறிக்கும் இவ்வூர்களுக்கு வைத்தியரும் ஆசிரியரும் பிந்தியே வந்து சேர்ந்தனர். எனவே சுகாதாரக் கல்வியின் வரலாற்றை அரசாங்கச் சுற்றறிக்கைகளிலிருந்து தொடங்குவது இங்கே பொருந்தாது.

அதற்கு முன்னரும் இம்மக்கள் நோயை எதிர்கொண்டனர், கூட்டாக எதிர்கொண்டனர். மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டு இவ்வகையிலே நுணுகி நோக்கற்பாலது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். சேரி பரம்பரையாக வருவது. ஆதலால் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒரு சேரி உண்டு. வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இருசாராரும் இழுப்பர். வென்றவர் பாடிக்கொண்டு ஊர்வலம் வருவர். தோற்றவரை இகழும் பாட்டுக்களும் உண்டு. இவ்விளையாட்டு கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. மழை பொய்த்த காலத்திலும் அம்மாள் வருத்தம் என வழங்கிய அம்மை முதலிய கொள்ளைநோய்கள் பரவிய காலத்திலும் அம்மனின் சினத்தைத் தணிப்பதற்காக இது நிகழ்த்தப்பட்டது. சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டோடு வழங்கிய அங்கெலிய என்பதும் இதனையொத்ததே. வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இம்மரபுகளை விரிவாகப் பதிவுசெய்த நூலாகும்.

இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவோர் உளர். பழம்பெருமை பேசி அதனுள்ளே நவீன விஞ்ஞானத்தைத் தேடுவோரும் உளர். இரு சாராரும் காணத் தவறுவது அதன் பொருளாதார அடித்தளத்தையே. கண்ணகிக்குக் குளிர்த்தி நடைபெறும் வைகாசி மாதம் மாரிப்போக அறுவடை முடிந்து, வயல்வேலை ஓய்ந்து, களஞ்சியத்தில் நெல்லிருக்கும் காலம். அதேவேளை கிணறுகள் வற்றத் தொடங்கி வெப்பநோய்கள் தலைதூக்கும் காலமுமாகும். உழைப்பிலிருந்து விடுபட்ட ஊர் அச்சத்தை எதிர்நோக்கி ஒன்றுகூடுகிறது. தொல்குடிச் சடங்கு உற்பத்தி முயற்சிக்கு ஊக்கமூட்டும் உளவியற் செயற்பாடாக இருந்ததென ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க மரபை ஆராய்ந்து விளக்கினார். அவரிடம் பேமிங்ஹாமிற் பயின்ற கைலாசபதி அவர்கள் வழியாக இவ்வணுகுமுறை எமது பல்கலைக்கழகங்களிலே வேரூன்றியமை யாவரும் அறிந்ததே. கொம்பு முறிவதனால் அம்மைக் கிருமி மடிவதில்லை. எனினும், நோய் என்பது தனி வீட்டின் வினைப்பயனன்று, ஊர் முழுவதற்கும் உரிய பொது இடர் என்னும் உணர்வை வடம் பிடித்த ஒவ்வொரு சிறுவனும் தன் உள்ளங்கையின் காய்ப்பிலே பெற்றான். பிற்காலப் பாடநூல்கள் தரத் தவறியது இதனையே.

வசந்தனாட்டமும் இங்கு குறிக்கத்தக்கது. பெரும்பாலும் சிறுவர்களாலேயே ஆடப்படும் இக்கோலாட்டத்தின் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இலே 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' எனத் தொகுத்து வெளியிட்டார். வேளாண்மைச் செய்கைகள் பலவும் இப்பாடல்களிலே ஆட்டமாக உருப்பெறுகின்றன. பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வுகள் இதன் ஆடல் நுட்பங்களை எடுத்துக்காட்டியுள்ளன. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று. ஒருவனின் கோல் மற்றவனின் கோலிலே தட்டுப்படாவிடில் ஆட்டம் குழம்பிவிடும். மற்றவனது உடலின் இயக்கத்தைத் தனது உடலால் அறியும் பயிற்சி அது. கிளித்தட்டிலும் இதுவே, ஒரு கோட்டைக் காப்பவன் அயற்கோட்டைக் காப்பவனோடு சேர்ந்தே வெல்லவோ தோற்கவோ முடியும்.

ஆயினும் இம்மரபை இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. வசந்தனாடியவர் சிறுவரே, சிறுமியர் அல்லர். கோயிற் சடங்குகளிலே எக்குடிக்கு எவ்வுரிமை என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. சாதிப்படியிலே கீழ்வைக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு வடத்திலே இடமிருக்கவில்லை. கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது சிறுவரும் வந்து வடத்திலே கைவைத்து ஒருபிடி மீனுடன் வீடு திரும்புவர். அது கூட்டு உழைப்புத்தான். ஆனால் வலை தனியொருவருடையது, பங்கிலே பெரும்பகுதியும் அவருக்கே. கூட்டுறவும் கூட்டு உழைப்பும் ஒன்றல்ல என்பதை வாகரைப் பிள்ளைகள் நூலைப் படித்து அறியவேண்டிய நிலையில் இருக்கவில்லை.

மேனாட்டுச் சிந்தனையிலே, திறந்தவெளியையும் உடற்பயிற்சியையும் பிள்ளைகளின் கல்வியோடு இணைத்தவர்களுள் றொபேட் ஓவன் முதன்மையானவர். நியூ லனார்க் பஞ்சாலைக் குடியிருப்பிலே 1816இல் அவர் திறந்த நிறுவனத்திலே குழந்தைகள் விளையாட்டு வெளியிலும் ஆடலிலும் பாடலிலும் பெரும்பொழுதைக் கழித்தனர். உற்பத்தி உழைப்பையும் கல்வியையும் உடற்பயிற்சியையும் இணைக்கும் எதிர்காலக் கல்வியின் கரு ஓவனின் முயற்சியிலே முளைவிட்டதென மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்திலே காட்டினார். இக்கருத்து சோவியத் மண்ணிலே இருவகையாகச் செயல்வடிவம் பெற்றது. வீடற்ற சிறாரைக் கூட்டு வாழ்வின் மூலம் மனிதராக்கிய மக்கரென்கோவின் கோர்க்கிக் குடியிருப்பு ஒன்று. கருங்கடற் கரையிலே 1925இல் தோன்றிய ஆர்த்தெக் முகாம் மற்றையது. ஆர்த்தெக்கைத் தோற்றுவித்த சொலவியோவ் கல்வித்துறையைச் சேர்ந்தவரல்லர், சுகாதாரத்துறைத் துணைக் கொமிசார் என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. காசநோயால் நலிந்த பிள்ளைகளுக்கான கூடாரங்களாகவே அது தொடங்கிற்று. பின்னர் அது பெருங்காட்சிப் பொருளாக மாறிய கதை வேறு.

இலங்கைக்கு வந்ததோ ஓவனின் ஓடையன்று. குடியேற்ற அரசின் ஓடை. அணிவகுப்பு, கட்டளைக்குக் கைகால் அசைத்தல், வரிசை பிசகாமை ஆகியனவே பாடசாலை உடற்பயிற்சியாயின. கூடிநின்ற போதிலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் கட்டளையிடுபவரையே பார்த்தனர். இதனைக் கூட்டுச் செயற்பாடு என்பது பொருந்தாது. பாடசாலைத் தோட்டத் திட்டம் 1901இலே தொடங்கப்பட்டது. அதன் முதல் நாட்டம் பிள்ளைகளின் உணவிலன்றி, பயிர்ச்செய்கை முறைகளைக் கிராமத்திற் பரப்புவதிலேயே இருந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இலே தோட்டப்புறத்திலே ஆரம்பமாயிற்று. குருதிச்சோகை பிடித்த தொழிலாளி குறைவாகவே கொழுந்து பறிப்பார் என்னும் கணக்கு அவ்வியக்கத்தின் பின்னணியில் இருந்தமையை மறைக்கவியலாது. எனினும் அதனூடாகவே மலசலகூடமும் காலணியும் பாடசாலைப் பேச்சிலே இடம்பெற்றன. 1926இலே களுத்துறையில் நிறுவப்பட்ட முதலாவது சுகாதாரப் பகுதி, தடுப்பு மருத்துவத்தைக் கிராமத்திற்கும் பாடசாலைக்கும் கொண்டுசென்றது. ஏகாதிபத்தியம் தன் தேவைக்காகக் கொணர்ந்ததை மக்கள் தம் தேவைக்காகக் கைப்பற்றிக்கொள்வது வரலாற்றிலே புதியதன்று.

கீழைக்கரைக்கு இவை மெல்லவே வந்தன. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. அது ஈரவலயத்தைத் தாக்கியமையால் நாட்டின் அரசியலையே அசைத்தது. சூரியமல் இயக்கத்து இளைஞர் நிவாரணத்துக்குச் சென்ற அனுபவம் இடதுசாரி இயக்கத்திற்கு வித்திட்டமை நன்கு தெரிந்த செய்தி. ஆனால் வாகரை போன்ற வறண்டவலயக் கிராமங்களிலே மலேரியா ஒரு கொள்ளைநோயன்று; ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. மண்ணீரல் வீங்கிய பிள்ளை அங்கே செய்தியாகவில்லை. நாளாந்த இறப்பு அரசியலாவதில்லை, திடீர் இறப்பே அரசியலாகிறது. 1946இலே தொடங்கிய டீ.டீ.ரீ. தெளிப்பு நோயைச் சடுதியாகக் குறைத்தது. 1963இலே நாடு முழுவதிலும் 17 நோயாளரே இருந்தனர். கவனம் தளர்ந்ததும் 1968-69இலே நோய் பேரளவில் மீண்டது. உலக சுகாதார நிறுவனம் 2016இலேதான் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தெளிப்புக் குழாயை ஏந்தி வந்தவர்கள் வீடுகளின் சுவர்களுக்கு மருந்தடித்துச் சென்றனர். நீர் தேங்கிய குழியை ஊரும் பிள்ளைகளும் சேர்ந்து தூர்க்கும் வழக்கத்தை விட்டுச்செல்லவில்லை. தாகூரின் சிறீநிகேதனிலே 1920களில் விரதிபாலகர் எனும் கிராமச் சிறுவரணிகள் இத்தகைய பணிகளில் ஈடுபட்டிருந்தன. அதையொத்த தொடர்ச்சியான முயற்சி எமது கரையிலே கால்கொள்ளவில்லை. விபுலானந்த அடிகளார் 1929இலே கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்தமை பெருஞ்செயலே. அதன் எல்லை வாவியின் தென்பகுதியோடு பெரிதும் அமைந்தது.

சுதந்திரத்தின் பின்னர் இரு முயற்சிகள் எமது பொருளுக்கு நேரடித் தொடர்புடையன. ஒன்று, 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம். தொழில்முன்னிலைப் பாடங்கள் மூலம் அவ்வவ்வூர்த் தொழில்களை, மீன்பிடி உட்பட, பாடசாலைக்குள் கொணர அது முயன்றது. மத்தியதர வகுப்பாரின் எதிர்ப்பினாலும் 1977ஆம் ஆண்டின் ஆட்சிமாற்றத்தாலும் அது கைவிடப்பட்டது. தம் பிள்ளை வலை பின்னக் கற்பதைப் பெற்றோர் விரும்பவில்லை என்றனர். எந்தப் பெற்றோர் என்பதே வினா. மற்றையது சிரமதானம். ஆரியரத்ன அவர்கள் 1958இலே நாலந்தக் கல்லூரி மாணவரோடு கணத்தொலுவக் கிராமத்திற்குச் சென்றபோது அது மெய்யான விழிப்பாகவே இருந்தது. காலப்போக்கில், அரசு செய்யவேண்டியதைப் பிள்ளைகளின் மண்வெட்டியிலே சுமத்தும் ஏற்பாடாகவும் அது மாறியது. இன்றைய டெங்கு ஒழிப்புத் தினங்களிலும் இதனைக் காணலாம். 2017இலே நாட்டில் 1,86,000இற்கு மேற்பட்டோர் டெங்கினால் பீடிக்கப்பட்டபோது பாடசாலை வளவுகளிலே பிள்ளைகள் சிரட்டையும் ரயரும் பொறுக்கினர். நன்றே, ஆனால் குப்பை அகற்றுவது உள்ளூராட்சிச் சபையின் கடமை என்பதை அப்பிள்ளைகளுக்கு எவரேனும் கற்பித்தனரா? பாடசாலைத் தோட்டமும் அவ்வாறே. யுத்தகாலப் பஞ்சத்தில், 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில், 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் என, அரசின் களஞ்சியம் வெறுமையாகும்போதெல்லாம் வீட்டுத்தோட்டமும் பாடசாலைத் தோட்டமும் நினைவுக்கு வருகின்றன. அரிசி வந்திறங்கியதும் மறக்கப்படுகின்றன.

போர் இவ்வரலாற்றைத் திசைமாற்றிற்று. 1990ஆம் ஆண்டு ஆகத்து, செத்தெம்பர் மாதங்களிலே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்களும், சத்துருக்கொண்டானிலும் பிறவிடங்களிலும் தமிழ் மக்களும் கொன்றொழிக்கப்பட்டனர். வாவியின் இருகரைகளிலும் வாழ்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அஞ்சக் கற்றனர். அதே ஆகத்திலே, பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பயிற்றுவித்து இந்நகரிலே பல தலைமுறையினரால் நேசிக்கப்பட்ட யேசுசபைத் துறவி ஹேபேட் அடிகள், வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியிலே காணாமற்போனார். பின்னர் புலிகள் இயக்கம் இப்பிரதேசச் சிறாரைப் பெருந்தொகையாகப் படையிற் சேர்த்தது. திறந்தவெளி, ஒன்றுகூடல், உடற்பயிற்சி, பாட்டு யாவும் அங்கேயும் இருந்தன. விடுதலையின் பெயரால் நிகழ்ந்தமையால் இதனைக் கூறாது விடுவது முற்போக்காளருக்கு அழகன்று. குடியேற்ற அரசின் அணிவகுப்பைப் பற்றி மேலே கூறிய அளவுகோல் இதற்கும் பொருந்தும்.

இச்சூழலிலேதான் 1996இலே மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தோன்றியது. கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களின் முற்பகுதியிலே போர்ப்பிரதேசச் சிறாரின் உடல், உளநிலைகளை ஆராய்ந்தனர். அவ்வாய்வு அறிக்கையோடு நின்றுவிடாது செயலாக வேண்டுமென்ற முனைப்பில், கனடியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத்துணையாளரான யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளும் உள்ளூர் இளைஞரோடு இணைந்து இதனை உருவாக்கினர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் பேருந்திலே அழைத்துவரப்பட்டனர். வாரத்திற்கு ஒருநாள் என ஏறத்தாழ ஒன்பது மாதம் ஒரே குழுவினர் தொடர்ந்து வருவர். மரநிழலிலே களிமண் பிசைதல், ஓவியம், கதை சொல்லல், நாடகம், செடியும் பிராணிகளும் பேணல் என்பனவே செயற்பாடுகள். பரிசில்லை, முதலாமிடமில்லை, எவரும் தமது துயரக் கதையைச் சொல்லும்படி வற்புறுத்தப்படவுமில்லை.

இதன் முக்கியத்துவம் யாது? போர் தந்த உளக்காயத்தை ஒவ்வொரு பிள்ளையின் மண்டைக்குள்ளேயும் தனித்தனியே தேடும் மேனாட்டு மருத்துவ முறைக்கு மாறாக, காயம் உறவுகளிலே ஏற்பட்டது, ஆதலால் உறவுகளிலேயே ஆற்றப்படவேண்டும் என்னும் கருத்து இதன் நடைமுறையிலே பொதிந்திருந்தது. 'மனவடு' நூலை எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்கள் பின்னாளிலே கூட்டு மனவடு பற்றி விரிவாக ஆராய்ந்தமையும் இத்திசையிலேயே. ஏறாவூர்ப் பிள்ளையும் அயற்கிராமத்துத் தமிழ்ப் பிள்ளையும் ஒரே களிமண்ணைப் பிசைந்தபோது, பாதுகாப்பு என்பதும் சுகாதாரத்தின் ஒரு கூறென்பதை எவரும் சொல்லாமலே கற்றனர். கொம்புமுறியிலே ஊர் இரண்டாகப் பிரிந்து இழுத்தது. ஆயினும் அப்பிரிவுக்குக் கீழே ஒரே ஊர் என்னும் நிச்சயம் இருந்தது. 1990இற்குப் பின் அந்நிச்சயம் இல்லை. ஆகவே இங்கே எதிரணியற்ற விளையாட்டுத் தேவைப்பட்டது. பூங்காவை அமைத்தோர் இதனைக் கோட்பாடாக எழுதிவைத்துச் செய்தனர் என்பது எமது வாதமன்று. நிலைமை அதனை வேண்டி நின்றது.

இதற்கு அண்மைக்காலச் சர்வதேசக் கோட்பாடொன்றும் உண்டு. இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மோர்லியும் ஹியூ ஹோஸும் 1978-79இலே தொடங்கிய 'பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு' இயக்கம், மூத்த பிள்ளைகள் இளையோரைப் பேணும் நாட்டுப்புற வழக்கத்தைச் சுகாதாரக் கல்வியின் வழியாக்கியது. அல்மா-அத்தா மாநாடு ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பைப் பிரகடனஞ்செய்ததும் 1978இலேயே. நல்ல நோக்கம். எனினும் பல நாடுகளிலே அது பிள்ளையை அதிகாரிகளின் செய்திகளை வீட்டிற்குச் சுமக்கும் தூதுவனாக்கியதேயன்றி, ஏன் எமது ஊருக்கு நீர்க்குழாய் வரவில்லையென்று கேட்பவனாக்கவில்லை.

வாகரைக்கு மீள்வோம். 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. கூடாரங்களும் சிறார் விளையாட்டு நிலையங்களும் தொண்டர் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளோடு தோன்றின. கணக்காண்டு முடிய அவற்றுட் பல மறைந்தன. 2006இலே போர் மீண்டும் மூண்டபோது மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் பல்லாயிரவர் வெருகலைக் கடந்து வாகரைக்கு வந்தனர். நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்திலே தஞ்சமடைந்திருந்தோர்மீது இராணுவத்தின் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் அதிகமானோர் மாண்டனர். பாடசாலை வளவு, அதாவது எமது ஆய்வின் திறந்தவெளி, கொலைக்களமாயிற்று. 2007 சனவரியிலே அரசபடை வாகரையைக் கைப்பற்றியது. மக்கள் திரும்பியபோது நிலத்திலே கண்ணிவெடிகள் இருந்தன.

சுகாதாரக் கல்வியின் வரலாற்றிலே இதைவிடக் கொடிய முரண்பாட்டை நாம் அறியோம். ஓவன் முதல் இன்றைய உடற்கல்விப் பாடநூல் ஈறாக யாவரும் பிள்ளையை வெளியே சென்று ஓடியாடுமாறு கூறினர். வாகரைப் பிள்ளைக்கு முதலிற் கற்பிக்கப்பட்டதோ வெளியே செல்லாதே, புதருக்குள் பந்து போனால் எடுக்காதே, மின்னும் உலோகத்தைத் தொடாதே என்பன. உயிர்காக்கும் பாடம்தான். ஆனால் காலடி மண்ணையே ஐயுறக் கற்ற தலைமுறைக்கு, நிலம் துப்புரவாக்கப்பட்டதும் ஐயம் தானாக நீங்கிவிடுமென்று எதிர்பார்க்கலாமா? மண்ணோடு மீண்டும் உறவு கொள்ளும் முறையான கல்வி, வெடியகற்றலின் ஒரு பகுதியாகவே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். வெடி அகற்றுவோருக்கு ஒரு நிதி, பாடசாலைக்கு வேறொரு நிதி; இரண்டும் சந்திக்கவில்லை.

இன்று வாகரைப் பாடசாலைகள் கல்குடாக் கல்வி வலயத்தைச் சார்ந்தவை. சுகாதாரமும் உடற்கல்வியும் என்னும் பாடம் நேரசூசியில் உண்டு. சுகாதார மேம்பாட்டுப் பாடசாலை பற்றிய 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும், அதன்படி அமைக்கப்படவேண்டிய சுகாதாரக் கழகங்களும் உள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். உயரமும் நிறையும் அளக்கப்படும். நிறை குறைந்த பிள்ளையின் பெயர் ஏட்டிலே ஏறும். தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையோ மாலைப் பொழுதைக் கேட்கிறது. விளையாட்டு மைதானத்திலே மாடு மேய்கிறதென்றால் அது பிள்ளைகளின் சோம்பலாலன்று.

பூங்காவின் அனுபவத்தை வாகரை வரை கொணர்வதற்குக் கலைஞரோ கோட்பாடோ பெருந்தடையல்ல. வசந்தன் தெரிந்த அண்ணாவிமார் மாவட்டத்திலே உளர். கிளித்தட்டுக்குக் கோடிடக் கடற்கரை மணல் உண்டு. களிமண்ணுக்கு வெருகலாறு உண்டு. மட்டக்களப்பிலே அன்று இம்முயற்சியை இயல வைத்த மிக எளிய சாதனம், ஒரு கரையின் பிள்ளைகளையும் மறுகரையின் பிள்ளைகளையும் ஏற்றிவந்த பேருந்தாகும். அதன் எரிபொருளுக்கும் சாரதிக்கும் வெளிநாட்டு நன்கொடை கிடைத்தது. கதிரவெளியிலிருந்தும் பனிச்சங்கேணியிலிருந்தும் அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை வாரம் ஒருமுறை ஒரே வெளிக்குக் கொண்டுவரும் ஒரு பேருந்தின் செலவு கல்வியமைச்சின் கணக்கிலே வருவதா, சுகாதார அமைச்சின் கணக்கிலே வருவதா என்பதை மாகாண சபையின் வரவு செலவுத் திட்டத்தை வரைவோர் இன்னும் தீர்மானிக்கவில்லை.